ஹெட்போனுக்கு வெளியே

மோதிரம் சிம்மக்கல் கூட்டுறவு வங்கியில் இருக்கிறது.
ரசீதில் பாண்டிச்செல்வி என்ற என் பெயரை
ஒரு 'ச்' விட்டு அடித்திருக்கிறார்கள்.
மோதிரம் போய்ப் பியானோ வந்தது.
மோதிரம் கிடந்த இடது கை விரல்தான்
தூக்கவே வராத விரல்.
நடுவிரலைத் துணைக்குக் கூப்பிடாமல்
எங்கும் போகாது.
"நாலாவது விரல் எல்லாருக்கும் அப்படித்தான் ஆன்ட்டி"
என்கிறாள் ஷெர்லின் ஜெபா,
ஞானஒளிவுபுரத்தில், சனிக்கிழமை மூன்று மணிக்கு.
வயது இருபது, கையில் பாதி சமோசா.

தமிழிலும் ஆங்கிலத்திலும் ஹையர் தேறியவள் நான்.
மாவட்ட நீதிமன்றத்தில் பத்தொன்பது வருடமாக
வாதியையும் பிரதிவாதியையும்
முகம் பார்க்காமலே அடித்திருக்கிறேன்.
விரல்தானே, அது இருக்கிறது என்று நினைத்தேன்.

தட்டச்சில் தொட்டதும் விட்டுவிட வேண்டும்.
இதில் தொட்டபின் இருக்க வேண்டும்.
நான்கு எண்ணும்வரை ஒரு கட்டையை
வேறொன்றும் செய்யாமல் பிடித்திருப்பது
இத்தனை கஷ்டம் என்று
எந்த சூப்பிரண்டும் எனக்குச் சொன்னதில்லை.
தவிர, அங்கே இரண்டு கையும் ஒரே வாக்கியம்.
இங்கே இடது கை தனி வழக்கு.
வலது கை விசாரணையில் இருக்கும்போது
இது வாய்தா கேட்கிறது.

வீடு செல்லூரில், ஒன்றரை அறை.
பியானோ என்று சொல்லிக்கொள்கிறோம்:
எண்பத்தெட்டுக் கட்டை, ஒரு பிளக், இரும்புக் கால்,
பீரோவுக்கும் கிரைண்டருக்கும் நடுவில்.
அவர் ஆவின் வண்டி ஓட்டுகிறவர்,
ராத்திரி இரண்டு மணிக்கு எழ வேண்டும்.
எட்டரைக்கு அவர் சாய்ந்ததும்
ஹெட்போனை மாட்டிக்கொள்வேன்.
உள்ளே ஒரு மண்டபம்,
தப்பாக விழுந்ததைக் கூட
எதிரொலி சேர்த்து அழகாக்கித் தரும்.
வெளியே ஒன்றுமில்லை என்று
பதினொரு மாதம் நம்பியிருந்தேன்.

நேற்று ஒன்பது பத்துக்குக் கரண்ட் போனது.
பின்தெருத் தறிகள் மொத்தமாக வாயை மூடின.
மின்விசிறி ரெண்டு சுற்று முயன்றுவிட்டு
விட்டுக்கொடுத்தது.
மண்டபம் போய்விட்டது,
சேதி தெரியாத விரல்கள் மட்டும்
போய்க்கொண்டே இருந்தன.

காதிலிருந்து கழற்றினேன்.
டொக். டொக்டொக். டொக்.
பக்கத்து வீட்டில் யாரோ
நினைத்து நினைத்துப் பூண்டு நசுக்குவது போல.
இதைத்தானா இந்த மனுஷன்
இத்தனை நாளும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தது?

கையை எடுத்துவிட்டேன்.
இருட்டில் பாய் புரண்டது.

"ஏன் நிறுத்திட்ட?
அந்த நொண்டுற எடம் இன்னும் வரலயே."

"எந்த எடம்?"

"அதான், ரெண்டு ரெண்டா போயிட்டு
ஒரு காலு மட்டும் பின்னாடி வருமே.
அதத் தாண்டிட்டேன்னா தூங்கிருவேன்.
தாண்டாத அன்னைக்குத்
திருமங்கலம் வரைக்கும்
அதுவே வண்டில கூட வரும்."

நான் வாசிப்பது என்ன பாட்டு என்று
அவருக்குத் தெரியாது.
எங்கே இடறுவேன் என்று தெரியும்.

மறுபடி முதல் வரியிலிருந்து.
செத்த கட்டைகள், கழுத்தில் வியர்வை,
தறி இல்லாத தெருவில் ஒரு நாய்.
டொக்டொக். டொக்டொக். டொக்,
டொக்.
அதோ.
வலது கை மேல் பழி போட்டிருந்தேன்.
அது நேரத்துக்கு வந்து நிற்கிறது.
இந்த நாலாவது விரல்தான்
வாசற்படியில் செருப்பைத் தேடுகிறது.
மண்டபம் இதை என்னிடம் சொன்னதே இல்லை.

திரும்ப. இன்னும் மெதுவாக.
எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

தறிகள்தான் முதலில் சொல்லின, கரண்ட் வந்துவிட்டது.
அப்புறம் மின்விசிறி.
பியானோ சுவிட்சை நான் அமுக்கவில்லை.
தறிச் சத்தத்துக்குள் காதை வைத்து
இன்னொரு தடவை போனேன்.
தாண்டின மாதிரி இருந்தது.
திரும்பினால், குறட்டை.

தாண்டினேனா,
இல்லை அவருக்குத்தான் அலுத்துவிட்டதா.
ரெண்டு மணிக்கு எழுப்பும்போது கேட்க வேண்டும்.