நூற்றுப் பன்னிரண்டில் ஒன்பது

திரியெஸ்தே வானொலி நிலையத்தின் நிலவறையில்
எனக்கு ஒன்பது மாத வேலை.
கேட்க வேண்டும். அவ்வளவுதான்.
கேட்டுவிட்டு உறையின் மூலையில்
பச்சைப் பொட்டோ சிவப்புப் பொட்டோ ஒட்ட வேண்டும்.
பச்சை கணினிக்குள் போகும்.
சிவப்பு கிடங்குக்கு. அங்கிருந்து எங்கே என்று
யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மேலே காவலறையில் நெரியோ.
"அறுபத்தெட்டாம் வருஷப் பெட்டியா?
கொடுத்து வைத்தவள் நீ" என்றார்,
சாவியை நீட்டி, நீட்டிய கையை இழுத்துக்கொண்டு.
"அதற்கப்புறம் பாட்டு ஏது?
கதவு கீச்சிடுவதற்கெல்லாம்
விலைச்சீட்டு ஒட்டி விற்கிறான்கள்."

நூற்றுப் பன்னிரண்டு இசைத்தட்டுகள்.
முதலாவதில் ஒருவன் சலவை இயந்திரத்தைக் காதலித்தான்.
இரண்டாவதில் அதே மெட்டு; இயந்திரம் மட்டும் ஸ்கூட்டர்.
மூன்றிலிருந்து பதினான்கு வரை
எல்லோரும் நிலவைக் கூப்பிட்டார்கள்.
நிலவு வரவில்லை. நான் காபிக்குப் போனேன்.
'குவோரே'வுக்கு 'அமோரே':
இந்த ஓர் இயைபை வைத்துக்கொண்டு
ஒரு தலைமுறையே வீட்டு வாடகை கட்டியிருக்கிறது.

ஐம்பத்தேழாம் உறைக்குள் ஒரு கடிதம்.
அந்த வருஷம் மார்ச்சில் யாரோ நிலையத்துக்கு எழுதியது:
'இந்தக் கூச்சலை நிறுத்துங்கள்.
என் கோழிகள் முட்டையிடுவதை விட்டுவிட்டன.'

சாயங்காலத்துக்குள் காது புளித்துவிட்டது.
ஒன்பது பச்சை, நூற்று மூன்று சிவப்பு.
"நீ சரியாகக் கேட்கவில்லை" என்றார் நெரியோ.
நல்லவை எவை, சொல்லுங்கள் என்றேன்.
கண்ணை மூடி, விரல்விட்டுச் சொன்னார்.
அதே ஒன்பதில் எட்டு.
மற்றதையெல்லாம் காலம்
அவருக்காகப் புடைத்துக் கொட்டியிருக்கிறது,
முறத்தைக் கண்ணில் காட்டாமல்.

இங்கேயே நிறுத்தியிருந்தால் ஜெயித்திருப்பேன்.

மறுநாள் ஒரு கடிகாரத்தோடு இறங்கினேன்.
பச்சைப் பொட்டு வாங்கியவை
வாய் திறக்குமுன் இருபது நொடி, இருபத்திரண்டு நொடி.
வயலின்காரர்கள் நாற்காலியை இழுத்துப்போட்டு
உட்கார நேரம் இருந்தது.
என் அக்கா மகன் எல்வியோ போன வாரம் அனுப்பிய பாட்டோ
மூன்றாம் நொடியில் தன் பெயரைக் கத்திவிடுகிறது,
நம் கட்டைவிரலுக்குப் பயந்து.
அந்தப் பயம் பாட்டின் எலும்பு வரை போயிருக்கிறது.
இதை நெரியோவின் கணக்கில் எழுதினேன்.
அவரிடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை போரா காற்று.
தெருவில் மனிதர்கள் சாய்ந்தே நடந்தார்கள்.
ஆறாம் எண் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில்
இரண்டு பெண்பிள்ளைகள், ஒரே இயர்போன், காதுக்கொன்று.
வழிந்து எனக்கு எட்டியது தாளம் மட்டும்:
டப்பாவில் பட்டாணி.
சிவப்பு, என்றது என் விரல், தானாகவே.
அப்போது சின்னவள்
பெரியவளின் சட்டைக்கையைப் பிடித்தாள்.
"இரு, இப்போ வரும்."
வந்தது. என்னவென்று எனக்குத் தெரியாது.
இருவர் முகமும் ஒரே சமயத்தில் மாறின.
கடல் பக்கத்துக் கண்ணாடி அதிர்ந்துகொண்டிருந்தது.

சிவப்பில் ஒன்றைத் திருடிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.
ஓந்தினா வெர்சா என்று ஒருத்தி. எழுபத்தொன்றாம் தட்டு.
வரிகள் மட்டம். மெட்டு இரவல்.
இரண்டாம் சரணத்தில் ஒரு தாளம் முந்தி நுழைந்துவிட்டு
அடக்க மாட்டாமல் சிரிக்கிறாள்;
மறுபடி பதிவுசெய்யக் காசில்லாமல்
அப்படியே விட்டிருக்கிறார்கள்.
பாத்திரம் கழுவும்போது
அந்த இடம் வரை முணுமுணுப்பேன்.
பிறகு குழாயை மூடிவிட்டு நிற்பேன்,
அவள் சிரித்து முடிக்கட்டும் என்று.

நாளை அறுபத்தொன்பதாம் வருஷப் பெட்டி.
"அது அவ்வளவு சுகமில்லை" என்கிறார் நெரியோ,
இப்போதே.