பாதி

பத்துக்கு எத்தனை என்று கேட்டார் டாக்டர் நோர்ஹயாத்தி.
தனபாலனுக்குக் கணக்கு குலையில்தான் வரும்.
நூற்றிருபது குலை வெட்டிய நாள் எப்படியோ
அப்படி, என்றான்.
கொஞ்சம் யோசித்து
எட்டு என்று எழுதிக்கொண்டார்.

செம்பனைக் காட்டில் மழைநாளில்
அரிவாள் கம்போடு கானில் விழுந்தது
ஆறு வருஷத்துக்கு முன்னால்.
முதல் ஆபரேஷனில் இரண்டு திருகாணி.
அடுத்ததில் நான்கு.
எலும்பு கூடிவிட்டது என்று படம் காட்டினார்கள்.
படத்தில் வலி விழுவதில்லை.
சொக்சோ மேசையில் இருந்தவரும்
அந்தப் படத்தைத்தான் பார்த்தார்.

பிறகு பினாங்கில் ஒரு வாரச் சோதனை.
முதுகுத்தண்டிலிருந்து இரண்டு கம்பி வெளியே வந்து
இடுப்பில் கட்டிய பெட்டிக்குள் போனது.
குளிக்கக் கூடாது, குனியக் கூடாது,
தலைக்கு மேலே கை தூக்கவே கூடாது.
இருபது வருஷம்
தலைக்கு மேலே கை வைத்துப் பிழைத்தவன்
சட்டை மாட்ட என்னைக் கூப்பிட்டான்.

பாதி குறைந்தால் போதும்,
உள்ளேயே வைத்துவிடலாம் என்றார் டாக்டர்.
பாதி.
பாலம் தாண்டுகிறவரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.
பாதிச் சம்பளம் தெரியும்.
பாடாங் சிராயில் பாதி வீடு எங்களுடையது,
மறுபாதியில் கொழுந்தன் குடும்பம்.
பாதி வலியை எங்கே வைப்பது?

இப்போது இடுப்புக்குக் கீழே, தோலுக்கு அடியில்
தீப்பெட்டி அளவுக்குப் புடைத்திருக்கிறது.
எப்படி இருக்கிறது, எறும்பு ஊர்கிற மாதிரியா, கரண்ட்டா?
தகரத்து மேலே மழை, என்றான்.
பக்கத்து வீட்டுச் சண்டை நடந்துகொண்டுதான் இருக்கும்,
மழை நிற்கிறவரைக்கும் நமக்குக் கேட்காது.

ரிமோட் என்னிடம்.
மல்லாந்து படுத்தால் மூன்று குறைக்க வேண்டும்,
எழுந்து நடந்தால் இரண்டு கூட்ட வேண்டும்.
தும்மினால், சிரித்தால், ஒரு வெட்டு வெட்டும்.
டிவி பார்த்து அவன் சிரிக்க, கால் துள்ள,
அதைப் பார்த்து மகன் லோகேன் சிரிக்க,
அந்தச் சிரிப்புக்கு இவன் மறுபடி துள்ளுவான்.

வெள்ளிக்கிழமை சார்ஜ் நாள்.
பெல்ட்டைக் கட்டிக்கொண்டு சுவரோரம்
ஒரு மணி நேரம் அசையாமல் இருப்பான்.
பக்கத்து பிளக்கில் என் போன், லோகேன் போன்.
மூன்று பச்சை வெளிச்சம்.

நேற்று கையுறை ஃபேக்டரி வேன்
ஏழரைக்கு என்னை இறக்கிவிட்டபோது
கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.
ரிமோட் அவன் கையில்.
முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.
அணைத்திருக்கிறான்.

என்ன பைத்தியமா என்று கேட்டேன்.
பதில் இல்லை.
ஆலோங் காரன் இன்னும் வெளியே நிற்கிறானா என்று
ஜன்னல் துணியை ஒரு விரலால் விலக்கிப் பார்க்கிறவன் போல
கொஞ்ச நேரம் தனக்குள்ளேயே பார்த்துவிட்டு
இருக்கு, என்றான்.

பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.
ரிமோட்டைப் பிடுங்கி, ஈரத்தில் ஊறி வெளுத்த விரலால் அழுத்தினேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
எந்த எண்ணில் அவன் தோள் இறங்கும் என்று
டாக்டரைவிட எனக்குத் தெரியும்.
ஐந்தில் இறங்கியது.

களைத்துப்போய் வந்திருக்கே,
கோப்பி நான் போடறேன் என்று உள்ளே போனான்.
குழாய் திறக்கும் சத்தம்.
கேத்தலில் பாதித் தண்ணி போதும்,
என்று கத்தினேன்.