ஹில்க்காவின் இடது காது

குவோபியோவுக்கு வடக்கே
பால் பதனிட்ட பழைய கட்டடம்.
சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி
ஸ்டூடியோ என்கிறார்கள்.
நவம்பர். மூன்று மணிக்கே இருட்டு.
உறைவதா வேண்டாமா என்று
இன்னும் முடிவெடுக்காத ஏரி.

நாங்கள் நான்கு பேர்.
கூட்டினால் இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று வயது.
ஞாயிறு திங்கள் என்று மூடி வைத்த
மாத்திரை டப்பாக்கள்
ஆம்ப்ளிஃபயர் மேல் வரிசையாக.

தார்மோ பாடகன். என்சியோ கிட்டார்.
இருவரும் கடைசியாகப் பேசிக்கொண்டது
எழுபத்தொன்பதில், துர்க்கு துறைமுகத்தில்,
வேன் சாவியைத் தொலைத்தது யார் என்று.
நீதான் என்றான் அவன்.
நீதான் என்றான் இவன்.
அத்தோடு இசைக்குழு முடிந்தது.

ஹில்க்கா அன்றைக்கு எதிர்க்கோஷ்டி டிரம்மர்.
'பால்காரப் பையன்கள்' என்று
எங்களைப் பற்றிப் பேட்டி கொடுத்தவள்.
இப்போது அவளேதான்
ஒவ்வொருவருக்கும் போன் போட்டாள்:
"பழைய பாட்டையே வாசித்துச் சாக
எனக்கு இஷ்டமில்லை. கிளம்பி வா."

நான் பேஸ்.
போஸ்டரில் எப்போதும்
என் முகத்தின் மேல்தான் ஆணி அடிப்பார்கள்.

முதல் நாள்
தார்மோ ஒரு பல்லவி கொண்டுவந்தான்:
நெடுஞ்சாலை, நெருப்பு, அவள் கண்கள்.
"உன் லைசென்சைத்தான்
டாக்டர் பிடுங்கிக்கொண்டாரே" என்றாள் ஹில்க்கா.
என்சியோவுக்கு மோதிர விரல் மடங்கவில்லை.
வாசிக்க முடிந்த கார்டுகளை மட்டும்
காகிதத்தில் குறித்துக்கொண்டான்.
ஐந்து தேறின.
தாராளம் என்றேன்.
அன்று மூன்றை வைத்துக்கொண்டுதானே
நாட்டையே கெடுத்தோம்.

இரண்டாம் நாள்
காபி. மறுபடி காபி.
யாருக்கு எத்தனை ஸ்டென்ட் என்ற கணக்கு.

மூன்றாம் நாள், உணவுக்குப் பின்,
ஹில்க்கா கன்னத்தில் கை வைத்து
ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
கீ... என்று ஒரு ஒலி.
மெலிந்து, விடாமல், ஊசி மாதிரி.
அவள் காது மிஷின்.
அறையில் எல்லோருக்கும் கேட்டது,
அவளைத் தவிர.

என்சியோவின் தலை நிமிர்ந்தது.
இந்த ஒரு ஒலிக்காகத்தான்
எழுபத்துநான்கில், தாம்பெரே பனிச்சறுக்கு அரங்கில்,
கிட்டாரை ஸ்பீக்கர் முகத்தில் அழுத்தி
நான்கு நிமிடம் நின்றான்.
ஃபியூஸ் போனது. பத்திரிகைகள் மேதை என்றன.
இப்போது அதே ஒலி
பருப்பளவு பேட்டரியிலிருந்து
இலவசமாக வருகிறது.

நரம்பில் விரலை இழுத்து இழுத்து
அந்தக் கீச்சொலியைத் தேடினான்.
அகப்பட்டது.
இரண்டும் ஒன்றையொன்று உரசி
காற்று கொஞ்சம் நடுங்கியது.
"கையை எடுக்காதே" என்றான்.
"என்ன?"
"கையை! எடுக்காதே!"

ஏன் என்று அவள் கேட்கவில்லை.
இடக்கை காதில் இருக்க
வலக்கையால் பிரஷ்ஷை எடுத்து
ஸ்னேரைத் தடவ ஆரம்பித்தாள்,
உறங்குபவனைப் போர்த்துவது போல.
நான் அடியில் இரண்டே சுரம் வைத்தேன்.
அகலமாக, அவசரமில்லாமல்.

தார்மோ தன் பல்லவித் தாளை மடித்து
பைக்குள் போட்டான்.
மைக்கின் முன் நின்றான்.
உச்சத்துக்கு ஏறாத குரல்.
தரையில் நடக்கும் குரல்.
யாரையும் பார்க்காமல் பாடினான்:

'சாவியை யார் எறிந்தது
கறுத்த தண்ணீரில்'

என்சியோ நிறுத்தவில்லை.
கண்ணை மட்டும் மூடிக்கொண்டான்.
அடுத்த அடி காலியாக ஓடியது.
அதற்கடுத்ததும்.

நாற்பத்தைந்து வருடம்
இவர்கள் ஒருவரையொருவர் சந்தேகித்தார்கள்.
பேஸ்காரனைக் கேட்க
ஒருவருக்கும் தோன்றவில்லை.
எனக்கு அன்றிரவு தூக்கம் வேண்டியிருந்தது,
அவ்வளவுதான்.
பதினொன்றாவது ஊர். இரண்டு டிகிரி குளிர்.
இன்னொரு முறை அந்த வேனில் ஏற
என்னால் ஆகவில்லை.

என் குரல் எப்படி இருக்கும் என்று
இந்த நாட்டில் யாருக்கும் தெரியாது.
எனக்கும் தெரியாது.
வாசிப்பதை நிறுத்தாமல்
மைக்கை நோக்கி இரண்டு எட்டு வைத்தேன்.
தார்மோ நகர்ந்து இடம் விட்டான்,
பின்பாட்டு என்று நினைத்து.

ஹில்க்காவின் கை
இன்னும் காதில்தான் இருந்தது.