திருடனுக்கு நேரமில்லை

சாவியைத் திருகினேன். ஒரு செருமல்.
இரண்டு நொடி ஓடி நின்றுவிட்டது.
மீட்டர் பலகையில் சின்னதாய் ஒரு பூட்டு
சிவந்து சிவந்து சிமிட்டுகிறது.

பதினோரு வருஷமாய் ஓட்டுகிறேன் இந்த மாலிபுவை.
இருக்கையில் என் முதுகின் பள்ளம்.
கதவுப் பையில் என் இருமல் மிட்டாய்,
ஒற்றைக் கையுறை, போன தேர்தலின் துண்டுச்சீட்டு.
இன்றிரவு சாகினாவில், என் வீட்டு வாசலிலேயே
இது என்னைத் திருடி என்கிறது.

இழுவை வண்டிக்கு நூற்றிருபது டாலர்.
டீலர் சொன்ன தொகையை
நான் திருப்பிச் சொல்லப்போவதில்லை.
பத்து மணிக்கு சர்க்கரை ஆலையில் ஷிப்ட்.
பீட் கிழங்கு அங்கே குன்றாய்க் குவிந்து உறைந்து கிடக்கிறது,
அதன் வாடை இந்தத் தெருவரைக்கும் வருகிறது.

அப்போது போன் அடித்தது.
முதலில் அந்த இயந்திரப் பெண்:
இது சிறையிலிருந்து வரும் அழைப்பு,
ஏற்க ஐந்தை அழுத்தவும்.
அழுத்தினேன்.

கர்ட். என் தம்பி.
ஒன்பது கார் வரை யாருக்கும் தெரியாது.
பத்தாவதில் கையும் களவுமாய்.

"பூட்டு சிமிட்டுதா, நிலையா எரியுதா?" என்றான்.
நலமா என்றுகூடக் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

"ஒருதரம் ஸ்டார்ட் பண்ணு. நின்னதும்
சாவியை ஆன்லயே விட்டுடு.
ஹீட்டர் வேண்டாம், ரேடியோ வேண்டாம்.
பத்து நிமிஷம் தொடாதே.
விளக்கு தானா அணையும்.
ஆஃப் பண்ணி பத்து எண்ணு. மறுபடி ஆன்.
மொத்தம் மூணு தடவை, மார்வா. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"திருடனால பத்து நிமிஷம் உட்கார முடியாது.
அது பார்க்கிறது அதை மட்டும்தான்."

கண்ணாடியில் என் மூச்சு பூத்தது.
விரல் நுனிகள் ஒவ்வொன்றாய் விடைபெற்றன.
ஆலையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டான்.
சொன்னேன்.
பல்வலி போய்விட்டதா என்று கேட்டேன்.
பல்லே போய்விட்டது என்றான்.
பிறகு இருவரும் பேசவில்லை,
நிமிடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துப்
பேசாமல் இருந்தோம்.

முதல் பூட்டு அணைந்தது.

இரண்டாவதின் நடுவில் சொன்னான்:
"நான் மாட்டினதும் ஒரு மாலிபுதான். தெரியுமில்ல?
ரெண்டு நொடி ஓடி நின்னுது, ரயில்பாதை பக்கம்.
முறுக்கினேன், முறுக்கினேன், உதைச்சேன்.
இங்கே லைப்ரரில ஒரு ரிப்பேர் புத்தகம் இருக்கு.
இங்கே வந்தப்புறம்தான் படிச்சேன்.
அரைமணி நேரம் சும்மா இருந்திருந்தா
என்னையே முதலாளின்னு ஏத்துக்கிட்டிருக்கும்."

அவன் சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன்.
ஒரு நிமிடம் மீதம் உள்ளது என்றாள் இயந்திரப் பெண்.
கேட்க எத்தனையோ இருந்தன.
"ஆஃப் பண்ணா பத்து எண்ணணுமா, அஞ்சு போதுமா?" என்றேன்.
"பத்து," என்றான்.
லைன் போய்விட்டது.

மூன்றாவது பத்து நிமிடம் நீளமானது.
எதிர்வீட்டுத் திரை விலகியது, மூடியது.
கொஞ்ச நேரத்தில் டார்ச் வெளிச்சம்.
இரவு உடைமேல் கோட்டு, காலில் ஸ்னோ பூட்ஸ்,
கையில் பனித்தள்ளியோடு திருமதி ஆஸ்ட்ராண்டர்:
"யாரது? போலீஸைக் கூப்பிடவா?"
ஜன்னலை இறக்கினால் மின்சாரம் போகும்.
கண்ணாடிக்குள்ளிருந்து என் முகத்தைக் காட்டினேன்,
அடையாள அட்டைபோல.
"அட, நீயா?" என்றாள் கடைசியில்.
"காருக்கு நான் யாரென்று தெரியவில்லை," என்று கத்தினேன்.
காது கேட்காமல் தலையாட்டிப் போனாள்.

பூட்டு அணைந்தது.
பத்து எண்ணினேன், பதினொன்றும்.
திருகினேன்.

செருமியது. இரண்டு நொடி. மூன்று. நான்கு.
ஓடுகிறது.

ஓடுகிறது என்று சொல்ல
அந்த எண்ணைத் திரும்ப அழைக்க முடியாது.
ஞாயிறு வரைக்கும்
அவனுக்குத் தெரியாது.

கண்ணாடியில் பனி இளக இளக
ஹீட்டரில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன்,
ஷிப்டுக்கு நேரமாகியும், இன்னும் கொஞ்சம்.