ஏழாம் கேள்வி

படிவத்தில் ஏழாம் கேள்வி:
கண்டுபிடிப்பில் யாருக்கு எத்தனை விழுக்காடு?
கூட்டினால் நூறு வரவேண்டுமாம்.

பேராசிரியர் தியோவுக்கு நாற்பது,
ஷ்யானுக்கு முப்பத்தைந்து,
மிச்சம் எனக்கு.

கிராஞ்சி அலையாத்திக் காட்டில்
நீர் வற்றிய விடியலில்
என் இடது செருப்பை விழுங்கிக்கொண்டு
அந்த நுண்ணுயிரைக் கையில் கொடுத்த சேற்றுக்குக்
கட்டமே இல்லை.

முதலீட்டாளர்கள் முன் மூன்று நிமிடம்.
கசிந்த எண்ணெயைத் தின்னும் என்றேன்.
"வேறென்ன தின்னும்?" என்றார் ஒருவர்.
சிரித்தார்கள். நானும்தான்.

காப்புரிமை பல்கலைக்கழகத்துக்கு.
நிறுவனத்துக்கு ஷ்யான் பெயர் தேடுகிறாள்,
வாயில் நுழைகிற மாதிரி.

ஆய்வுக்கூட மேசைக்கடியில்
வலது செருப்பு மட்டும் கிடக்கிறது, சேறு காய்ந்து.
போன வாரச் சொத்துக் கணக்கெடுப்பில்
அதன்மேலும் யாரோ
ஒரு எண் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.