ஏழு மணிக்கு மேல்

மூன்றாம் வளைவில் முதல் அழைப்பு.
பின்சீட்டில் பெங்களூர்க் குடும்பம்.
குழந்தை வாந்தி எடுக்குமா எடுக்காதா என்று
எல்லோரும் அதன் வாயையே பார்த்திருக்க
ஸ்பீக்கரில் கேட்டுவிட்டது:
"அல்லிமுத்துவா? வண்டிய வித்து கட்டறியா,
வீட்டுக்கு ஆள் அனுப்பட்டுமா?"

எட்டாம் வளைவு வரை யாரும் பேசவில்லை.
அப்புறம் அந்த அம்மா மெதுவாக,
"பிரேக் எல்லாம் நல்லா இருக்குதானே?"

மணி அப்போது காலை ஆறே கால்.

பதினான்கில் டவர் போய்விடும்.
பாறையும் சில்வர் ஓக்கும் கூடி
எனக்காக அவனைத் துண்டித்துவிடும்.
இரண்டு வளைவு தூரம்
நான் யாருக்கும் கடன்காரனில்லை.
ஒண்டிக்கடையில் வண்டியை நிறுத்தினால்
பதினோரு மிஸ்டு கால்.

கடன் உண்மை. மறுக்கவில்லை.
நாலு தவணை பாக்கி.
கோடை விழாவை மழை தின்றது,
மிச்சத்தைக் கிளட்ச் பிளேட் தின்றது.
பேப்பரில் முப்பத்தோராயிரத்து அறுநூறு.
போனில் நாற்பத்தெட்டாயிரம்.
நடுவில் இருக்கும் பதினாறாயிரத்து நானூறு
யார் பெற்ற பிள்ளை என்று கேட்டால்
"சார்ஜஸ்" என்பான்.

திங்கட்கிழமை பிரதாப். புதன்கிழமை ஆபீசர்.
சனிக்கிழமை வெறும் "நான்தாண்டா".
குரல் ஒன்றே, ஓமலூர்ப் பக்கத்துக் குரல்.

ஜவ்வரிசி மில்லில் மூட்டை எண்ணும் என் சாரதாம்பாளின்
மேஸ்திரிக்குப் போன் போட்டான்.
மகளின் டியூஷன் டீச்சருக்குப் போட்டான்.
போன வருஷம் செத்துப்போன
மெக்கானிக் உசேன் பாயின் நம்பருக்கும் போட்டான்.
அவர் சம்சாரம் என்னைக் கூப்பிட்டுக் கேட்டது:
"அவரு எதுனா பாக்கி வச்சிட்டாராண்ணா?"

அன்றைக்குத்தான் கிளம்பினேன்.

சொர்ணபுரி, இரண்டாம் மாடி, டோக்கன் முப்பத்தேழு.
ஃபேன் காற்றில் சுவரிலிருந்த மளிகைக்கடை காலண்டர்
தூக்கித் தூக்கி விழுந்தது.
தூக்கும்போதெல்லாம் பின்னால் ஏதோ தமிழ்.
எழுந்துபோய்ப் பிடித்துக்கொண்டேன்.
எனக்கென்று ஒட்டி
எனக்கே மறைத்த தாள்.

காலை எட்டுக்கு முன்னால் கூப்பிடக்கூடாதாம்.
சாயங்காலம் ஏழுக்குப் பின்னாலும்.
வசூலுக்கு வருகிறவன் கையில் கடிதம் வேண்டுமாம்,
அடையாள அட்டை வேண்டுமாம்.
சொந்தக்காரன் சிநேகிதன் என்று
ஊரெல்லாம் தண்டோரா போடக்கூடாதாம்.
கீழே குறைதீர்ப்பு அலுவலர், ஒரு பேர், ஒரு நம்பர்.
முப்பது நாளில் அவர் வாய் திறக்காவிட்டால்
ரிசர்வ் வங்கியில் ஓம்பட்ஸ்மேன்;
வாயில் நுழையாத பேர்தான்,
முனியப்பன் பேர்போலச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"சார், காலண்டரை விடுங்க" என்றது கவுண்டர்ப் பெண்.
"போட்டோ எடுத்துட்டு விடறேம்மா."

எழுதினேன். தேதி, மணி, நம்பர்,
உசேன் பாய் சம்சாரம் கேட்ட கேள்வி,
எல்லாம் ஒரு முழுத்தாள்.
ஹெட் போஸ்ட் ஆபீசில் பதிவுத் தபால்.
ஒப்புகை அட்டை திரும்பி வந்த அன்று
சம்பளம் வந்த மாதிரி இருந்தது.

அதற்குள் அவன் நேரிலேயே வந்துவிட்டான்.
டாக்ஸி ஸ்டாண்டில், பைக்கில், ஸ்வெட்டர் இல்லாமல்.
இருபத்தி நாலு வயசு இருக்கும்.
"கடிதம் எங்கே?" என்றேன்.
ஒரு விசிட்டிங் கார்டை நீட்டினான்,
பனியில் அதன் மை கையில் ஒட்டியது.
"பணம் தருவேன். கவுண்டரில். ரசீதோடு."
மற்ற டிரைவர்கள் டீ கிளாசோடு திரும்பிப் பார்த்தார்கள்.
அவன் திட்ட வாயெடுத்தான்; வாயை மூடினான்.
இருபது வளைவு அவன் வயிற்றைக் கலக்கியிருந்தது.

பயணிகளுக்கென்று டேஷ்போர்டில் வைத்திருக்கும்
எலுமிச்சையை எடுத்துக் கொடுத்தேன்.
மோந்துகொண்டே இறங்கிப் போனான்.
அதற்கு நான் சார்ஜஸ் போடவில்லை.

கணக்கு விவரம் தபாலில் வந்தது.
பதினாறாயிரத்து நானூறு
இரண்டாயிரத்து நூற்றைம்பதாக இளைத்திருந்தது.
பாக்கி பாக்கிதான். ஐந்தாம் தேதி ஐந்தாம் தேதிதான்.
சாரதாம்பாள் கம்மல் இன்னும் சேட்டுக் கடையில்.

நேற்று இறங்கி வரும்போது ஒன்பதாம் வளைவு,
கீழே சேலம் விளக்குகளைக் கொட்டி வைத்திருந்தது.
புது நம்பர். பழைய குரல்.
"மணி ஏழு பத்து" என்றேன்.
வேறெதுவும் சொல்லவில்லை.

டவர் முழுசாகத்தான் இருந்தது.
துண்டித்தது அவன்.