காட்சி நாற்பத்தொன்று

கதைப்படி நாய் ஆற்றோடு போய்விட்டது.
கரையில் நின்று ஸ்டிர்மிர் அழவேண்டும்.
ஒன்பது வயது.
முன்பல் விழுந்து, இன்னும் முளைக்காத வாய்.

அழுகை வரவில்லை அவனுக்கு.
எப்படி வரும்?
கேமராவுக்குப் பின்னால், என் காலடியில்,
செத்துப்போன மோரி
கருவாட்டுத் துண்டை மென்றுகொண்டு
சுருட்டை வாலால் தரையைத் தட்டுகிறது.
தட், தட்.
என் ஒலிவாங்கி அதையும் விடாமல் வாங்குகிறது.

"உன் பூனை செத்துப்போச்சே, அதை நினைச்சுக்கோ"
என்கிறாள் ஒப்பனைக்கார சால்வோர்.
"எங்க வீட்ல பூனையே இல்ல."

ஐஸ்லாந்தின் ஜூன் மாதம்.
இரவு என்றால் இங்கே
சூரியன் மலைமேல் சற்றுச் சாய்ந்து உட்காருவது.
வெளிச்சம் தீராது. பணம் தீரும்.
முட்டைக்குக் காவல் நிற்கும் ஆலாக்கள்
எங்கள் மண்டையைக் கொத்த இறங்குகின்றன.
ஆளுக்கொரு குச்சியைத்
தலைக்குமேல் பிடித்தபடிதான்
படமெடுத்துக்கொண்டிருந்தோம்.

பன்னிரண்டாவது முறைக்கு முன்
இயக்குநர் தோர்கெர்தூர்
ஓட்டுநரைக் கூப்பிட்டு ஏதோ முணுமுணுத்தாள்.
மோரியை ஜீப்பில் ஏற்றினார்கள்.
எங்கே என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை.

குன்றைச் சுற்றி ஜீப் மறைந்தது.
புழுதி அடங்கும்வரை அந்தப் பக்கமே பார்த்திருந்தான்.
கேமரா ஓடத் தொடங்கியது அவனுக்குத் தெரியாது.
முதலில் உதடு மட்டும்.
பிறகு அந்தப் பல்லில்லாத இடத்திலிருந்து
ஒரு சத்தம்.
என் கருவியின் முள்
சிவப்பைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

அப்போதுதான்,
ஆற்றின் இரைச்சலுக்கு அடியில்,
குன்றுக்கு அப்பால்,
ஏற்றிவிட்ட கண்ணாடிக்குள்ளிருந்து
ஒரு குரைப்பு.
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.
காதில் கருவி மாட்டியவன் நான் ஒருவன்தான்.

"கட். ஒலி சரியா?"
என்னைப் பார்த்துக் கேட்டாள்.
பையனின் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.
இன்னொரு தடவை அவனை அழவைக்க
என்னால் ஆகாது.
சரி என்றேன்.

அந்த நவம்பரில், மீன்பிடி ஊரின் மன்றத்தில் படம்.
மடக்கு நாற்காலிகள், ஈரக் கம்பளி வாடை.
நாற்பத்தொன்று வந்ததும்
பெரியவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள்.
முன்வரிசையில், கால் தரைக்கு எட்டாத சிறுமி ஒருத்தி
நாற்காலிமேல் ஏறி நின்று
திரையைப் பார்த்துக் கத்தினாள்:
"அழாதடா, அது உயிரோடதான் இருக்கு!
கேக்கலையா உனக்கு?"

அவள் அம்மா அவளை இழுத்து உட்காரவைத்தாள்.
என் காது சுட்டது.

இரண்டு வரிசை தள்ளி ஸ்டிர்மிர்,
பாதி முளைத்த பல் தெரிய
சிரிப்பு வெடிக்கப் பார்த்த தன் வாயை
ஒரு கையால் பொத்திக்கொண்டான்.
மறு கையால்,
நாற்காலிக்கு அடியில்,
இன்னொரு வாயை.